உறைபனி உருகாத இடம்

அன்றைக்கு ஜோருன் நிழல் பலகையை வைக்க மறந்துபோனாள்.

காப்பி அறையில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய லெஃப்சே ரொட்டியைப் பிட்டு வாயில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. "ஐயோ, என் தொட்டி!" என்று கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"போச்சு போ! படகுக்காரன் இன்னைக்கு உன்னையே முள்ளுல மாட்டிக் கடல்ல விடப்போறான்" என்றாள் ஒட்னி. அறுபதைத் தாண்டியவள். கொட்டகையில் ஜோருனுக்கு வலப்பக்கம் நிற்பவள்.

"என்னை மாட்டினாலாவது மீன் வரும். உன்னை மாட்டினா இருக்கற மீனும் ஓடிடும்" என்று சொல்லிக்கொண்டே ஜோருன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

வாய் சிரித்தாலும், இரை கோர்க்கும் கொட்டகையில் அது சின்னத் தவறு இல்லை. நீளக் கயிற்றில் முழத்துக்கொரு முள்ளாகத் தொங்கும் தூண்டில்களில் கானாங்கெளுத்தித் துண்டையும் கணவாய்த் துண்டையும் குத்தி, சூரியன் போகும் திசையிலேயே சுருள் சுருளாகத் தொட்டியில் அடுக்க வேண்டும். அடுக்கினது உறைந்தே இருக்க வேண்டும். இளகி மறுபடி உறைந்தால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடலில் கயிறு ஓடும்போது ஒட்டினது மொத்தமாகக் கிளம்பிப் பறக்கும், அத்தனை முள்ளோடும். எதிரில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை.

பழைய எண்ணெய் ஹீட்டர் இருந்த காலத்தில் இந்தக் கவலை வேறு மாதிரி இருந்தது. அது சூடான காற்றைக் கூரைக்கு ஊதிவிட்டு, ஆட்களைக் குளிரிலேயே நிற்க வைக்கும். காற்று கொஞ்சம் சூடானாலும் இரை நாறும், அதனால் பாதி நேரம் அணைத்தே கிடக்கும். இந்த அக்டோபரில்தான் புது அகச்சிவப்பு ஹீட்டர்கள் வந்தன. உத்தரத்தில், ஒவ்வொருவரும் நின்று கோர்க்கும் பலகைத் தடுப்புக்கு முன்னாலும் ஒன்று, சரிவாகத் தொங்கிக்கொண்டு சிவப்பாக எரியும். வெயில் மாதிரிதான். காற்றைத் தொடாது. எதன்மேல் விழுகிறதோ அதைத்தான் சூடாக்கும். வாய் திறந்தால் புகை வரும், ஆனால் மார்பும் கைவிரலும் கதகதவென்று இருக்கும். நவம்பரில் போன சூரியன் ஜனவரிக் கடைசிவரை எட்டிப்பார்க்காத ஊரில், அந்த வெயிலை எல்லோரும் கும்பிடாத குறையாகக் கொண்டாடினார்கள். ஒரே ஒரு தொல்லை. வெயிலுக்கு ஆளும் ஒன்றுதான், தொட்டியும் ஒன்றுதான். அதனால் ஆளுக்கொரு பலகையைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி நிழல் கட்டிக்கொண்டார்கள்.

ஜோருன் தன் தடுப்புக்குள் நுழைந்து தொட்டியில் கையை வைத்தாள்.

கல் மாதிரி இருந்தது. மேலே படிந்திருந்த பனித்தூள்கூட அப்படியே இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொட்டி இடது ஓரத்தில், இடுப்பளவுத் தடுப்புப் பலகையை ஒட்டி இருந்தது. பக்கத்துத் தடுப்பின் ஹீட்டர் அதன்மேல் நேராக எரிந்துகொண்டிருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

அந்தப் பக்கத்துத் தடுப்பு ஹில்மாருடையது. ஜோருனின் கணவன்.

கல்யாணமான வருஷத்திலிருந்து அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் நின்று இரை கோர்த்தவர்கள். கை ஓயும்போதெல்லாம் அவன் அந்தத் தடுப்புப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஏதாவது வம்பளப்பான். போன மார்ச் மாதம் ஒரு நாள் சின்னப் படகை எடுத்துக்கொண்டு ஆள் தனியாகப் போனான். நிலமுனைக்கு வெளியே படகு மட்டும் வட்டமடித்துக்கொண்டிருந்தது, எஞ்சின்கூட அணையவில்லை. தேடினார்கள். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை.

இந்த ஹீட்டர் வேண்டும் என்று மூன்று குளிர்காலம் முதலாளியை அரித்து எடுத்தவனே அவன்தான். கடைசியில் அவை வந்தபோது அவன் இல்லை. மாட்ட வந்தவருக்கு ஒரு தடுப்பு காலி என்று யாரும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு அங்கேயும் ஒன்றைத் தொங்கவிட்டுப் போய்விட்டார். தினமும் காலையில் தன் ஹீட்டரின் கயிற்றை இழுக்கும்போது ஜோருன் அவனுடையதையும் சேர்த்து இழுப்பாள். முதலாளி பார்ப்பார். மின்சாரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

மறுநாள் அவள் வேண்டுமென்றே பலகையை வைக்கவில்லை. இரண்டு தொட்டிகளை எடுத்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைத்தாள். காப்பி நேரம் முடிந்து வந்து பார்த்தபோது வலப்பக்கத்துத் தொட்டியின் மேல் அடுக்கு சொதசொதவென்று இருந்தது. இடப்பக்கத்தது அசையாமல் உறைந்து கிடந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. கொஞ்ச நாளாகவே அவளுடைய இடது கன்னம் மட்டும் சில்லென்று இருந்தது. வெயிலில் நடக்கும்போது பக்கத்தில் உயரமான ஒருவர் கூட வந்தால், அவர் நிழல் விழுகிற பக்கம் மட்டும் குளிர்ச்சியாக இருக்குமே, அப்படி. வயசாகிறது, ரத்தம் ஒழுங்காக ஓடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மெதுவாகத் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். கொட்டகையின் பின்சுவரில் தினமும் இரவு உறைபனி வெள்ளையாகப் படியும், ஹீட்டர் எரிந்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தடுப்புக்குப் பின்னால் மட்டும் உருகி மரம் கறுப்பாகத் தெரியும். ஹில்மாரின் தடுப்பிலும் உருகித்தான் இருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் உருகவில்லை. இரண்டு தோள். அதன்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. முழங்கையை எதன்மேலோ ஊன்றின மாதிரி ஒரு வளைவு.

ஜோருன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, காலியான அந்த இடத்துப் பக்கமாகக் கையை நீட்டினாள். ஐஸ்பெட்டிக்குள் விட்ட மாதிரி விரல் நுனி விறைத்தது.

"வந்துட்டியா?" என்றாள் மெல்லிய குரலில்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். காலையில் முதல் ஆளாகக் கொட்டகைக்கு வந்தாள். தொப்பிக்குள் செருகிவிடும் தலைமுடியை ஒழுங்காக வாரிப் பின்னிக்கொண்டாள். கை வேலை செய்தபடியே இடப்பக்கம் திரும்பி, மீன் விலையையும், உறைந்துபோன தண்ணீர்க் குழாயையும், ட்ரொம்சோ நகரத்தில் வேலை செய்யும் மகள் தொலைபேசியில் சொன்னதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னம் குளிர்ந்தால் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

"யார்கிட்ட பேசற?" என்று ஒட்னி கேட்டாள்.

"கயித்துகிட்ட."

"கயிறு பதில் சொல்லுதா?"

"உன் அளவுக்கு இல்ல."

ஒட்னி சிரிக்கவில்லை. ஜோருனின் தலைக்கு மேலாக அந்தக் காலித் தடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஜோருன், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த ஹீட்டரை அணைச்சுடு" என்றாள். ஜோருன் காதில் விழாதது போல அடுத்த முள்ளை எடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மகள் மரியெல் வந்தாள். விடுமுறை முடிந்தும் திரும்பிப் போகவில்லை. ட்ரொம்சோவில் ஹோட்டல் வரவேற்பில் நின்று நின்று சிரித்து முகம் வலிக்கிறது என்றாள். அது பாதிக் காரணம். மீதிக் காரணத்தைச் சமையலறையில், காட் மீனின் ஈரலையும் சினையையும் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீ ஒண்டியா இருக்கம்மா. போன்ல உன் குரலே சரியில்ல. இந்த சீசன் முழுக்க நான் இங்கதான். கொட்டகைல நிக்கறேன்."

"உனக்கு இரை குத்தத் தெரியுமா? நகத்துக்குச் சாயம் பூசிக்கிட்டு!"

"சின்ன வயசுல யார் சொல்லிக் குடுத்ததுன்னு நினைச்ச? அப்பா இடம் காலியாத்தானே இருக்கு. அங்கயே நின்னுக்கறேன்."

வேண்டாம் என்ற சொல் ஜோருனின் வாய்வரை வந்தது. என்ன காரணம் சொல்வது? அந்த இடம் காலி இல்லை என்றா? ஒருவேளை மகளைப் பார்த்தால் அவன் சந்தோஷப்படுவான், ஒதுங்கி இடம் விடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "சரி, வா" என்றாள்.

முதல் நாளே மரியெல் ஆரம்பித்துவிட்டாள். "இது நிஜமா எரியுதா, இல்ல சும்மா சிவப்பு லைட்டா? பல்லு கிட்டிக்குது!"

"கம்பளி ரெண்டு போடு. ட்ரொம்சோக்காரிக்கு எல்லாமே குளிருதான்" என்றாள் ஒட்னி. குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

மரியெல் கம்பளி மூன்று போட்டாள். கையுறைக்குள் சூடு தரும் பொட்டலங்களை வைத்துக்கொண்டாள். மதியத்துக்குள் உதடு நீலமாகிவிடும். கடைசியில் முதலாளி எலக்ட்ரீஷியன் ரோன்னியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ரோன்னி ஏணியில் ஏறி உள்ளங்கையைக் காட்டினான், உடனே இழுத்துக்கொண்டான். "அம்மாடி! இதுல தொத்திறைச்சி வறுக்கலாம். இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" இடுப்பிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எடுத்து ஹீட்டரைச் சுட்டுப் பார்த்தான், தலையை ஆட்டினான். பிறகு விளையாட்டாக மரியெலின் மார்புக்கு நேரே பிடித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். மறுபடி அழுத்தினான்.

"என்ன?" என்றாள் மரியெல்.

"ஹீட்டர்ல ஒண்ணும் இல்ல. உங்கிட்டதான் ஏதோ கோளாறு. ரத்தம் ஓடுதா, இல்ல ட்ரொம்சோலயே விட்டுட்டு வந்துட்டியா?"

"உன் மெஷினைத் தூக்கிக் கடல்ல போடு" என்றாள் அவள். ரோன்னி ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போகும்போது, வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கொட்டகைக்குள் தலை காட்டவே இல்லை. தம்பியைத்தான் அனுப்பினான்.

மகளின் விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்ததை அன்று மாலை ஜோருன் பார்த்தாள். அடுத்த நாள், "நீ என் இடத்துக்கு வா, நான் அங்க நிக்கறேன்" என்றாள்.

"உனக்கு மட்டும் குளிராதா?"

"எனக்குப் பழக்கம். பேசாம வா."

மகளுக்காகத்தான் மாறினாள். ஆனால் ஹில்மாரின் தடுப்புக்குள் காலை வைத்தபோது அவள் மனசு எகிறின எகிறல் மகளுக்காக இல்லை. இத்தனை நாள் கன்னத்தில் மட்டும் விழுந்த நிழல் இப்போது உடம்பு முழுக்க விழுந்தது. தலைக்கு மேல் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டிருக்க, அதில் ஒரு துளிகூட அவளிடம் வந்து சேரவில்லை. அவ்வளவு அருகில், மேஜைக்கும் அவளுக்கும் நடுவில் அவன் நின்றான். டீசல் வாசனை லேசாக வந்தது. அவன் உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொடியின் வாசனையும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முட்களை விரலாலேயே தேடிக் கோர்த்தாள். வீட்டில் படுக்கையின் ஒரு பாதி காலியாகக் கிடந்த பத்து மாதத்தில் அவள் இப்படி நிம்மதியாக மூச்சு விட்டதில்லை.

"அம்மா, உன் உதடு நீலமா இருக்கு" என்று மரியெல் சொல்வாள்.

"இருந்துட்டுப் போகுது."

"எதுக்குச் சிரிக்கற?"

"நான் சிரிக்கலையே."

இப்படியே போயிருந்தால் ஜோருன் அந்தக் குளிர்காலத்தோடேயே போயிருப்பாள். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. இரவில் இருமல் வந்தது. சட்டைப் பொத்தான் போட விரல் மடங்கவில்லை. அவள் கவலைப்படவில்லை.

ஜனவரிக் கடைசி வாரம், மதியத்து நீல வெளிச்சம் ஜன்னலில் வந்து நின்ற நேரம். ஜோருனின் மார்பில் சட்டென்று சூடு விழுந்தது. அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். கழுத்து, முழங்கை, விரல் எல்லாம் கதகதவென்றது. பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை கரைந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை. பொறாமை. என்னை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று அவள் மனசு வெடுக்கென்று கேட்டது.

அதே நேரம் ஒட்னி அலறினாள். "மரியெல்! நிறுத்துடீ! கையை நிறுத்து!"

மரியெல் கயிற்றைப் பார்த்தபடி கோர்த்துக்கொண்டே இருந்தாள். முள் ஒன்று அவள் இடது கட்டைவிரலில் ஏறி, மறுபக்கம் முனை தெரிய நின்றது. கயிறு நகர நகர விரலும் கூடவே இழுபட்டது. அவளுக்குத் தெரியவே இல்லை. ரத்தம்கூடச் சொட்டவில்லை.

"என்ன கத்தறீங்க?" என்று நிமிர்ந்தவள் தன் கையைப் பார்த்தாள். "எனக்கு வலிக்கலையே... ஒட்னி, ஏன் எனக்கு வலிக்கல?"

ஒட்னி குறடோடு தடுப்பைத் தாண்டிக் குதித்தாள். முனையை இன்னும் கொஞ்சம் தள்ளி, நுனிக் கொக்கியை வெட்டி, முள்ளைப் பின்னால் உருவினாள். "வா, வெதுவெதுப்பான தண்ணில கையை வைப்போம். நட, நட" என்று அவளைத் தோளோடு அணைத்துக் காப்பி அறைக்கு நடத்திப்போனாள். கதவருகே நின்று திரும்பி, ஜோருனைப் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன். இப்ப நீயே பாத்துக்கோ. அது உன் குடும்பத்து விஷயம்."

மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். கொட்டகையில் ஹீட்டர்களின் மெல்லிய ரீங்காரம் மட்டும் இருந்தது.

ஜோருன் தன் பழைய தடுப்பின் முன்னால் போய் நின்றாள். மகள் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால், எப்போதும் முதலில் உருகிவிடும் சுவரில், தோளும் தலையுமாக உறைபனி வெள்ளை வெளேரென்று நின்றது. முன்பு பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. முழங்கை ஊன்றின வளைவு இப்போது இல்லை. இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன, அடுப்பில் குளிர்காய்கிறவன் நீட்டுவது போல.

அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இத்தனை மாதம் அவன் தன் பக்கத்தில் நிற்கிறான், தன் தொட்டிக்கு நிழல் கட்டுகிறான், தன்னைப் பார்த்துக்கொள்கிறான் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவன் முகம் ஹீட்டரைப் பார்த்துத்தான் இருந்தது. அவனுக்குக் குளிர்ந்தது. அவ்வளவுதான்.

"ஹில்மார்" என்றாள். "அவ உன் பொண்ணு."

வெள்ளை அசையவில்லை.

"உனக்குக் குளிருதுன்னு எனக்குத் தெரியும். அக்டோபர்லேர்ந்து நிக்கற. இன்னும் சூடேறலல்ல? உன்மேல விழற எல்லாத்தையும் நீ குடிச்சுடற, உன்கிட்ட எதுவுமே தங்க மாட்டேங்குது. என் பங்கைக் குடுத்தேன், தங்கல. அவ பங்கையும் எடுத்துக்கிட்ட, அதுவும் தங்கல. இது உசிரோட நிக்கறவங்களுக்கு மாட்டினதுப்பா. நீதானே சண்டை போட்டு வாங்கின? எங்களுக்காகத்தானே வாங்கின?"

பதிலுக்குக் குளிர்தான் வந்தது, மேஜைமேல் இருந்த கணவாய்த் துண்டுகள் படபடவென்று உறைந்து வெடித்தன. பிடிவாதக்காரன். உயிரோடு இருந்தபோதும் சொன்னால் நகர்ந்தவன் இல்லை.

ஜோருன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் அவன் தடுப்பின் ஹீட்டர் கயிற்றை இழுத்தாள். சிவப்பு மங்கி, சாம்பலாகி, அணைந்தது. பிறகு மீன்பெட்டி ஒன்றைத் தன் மேஜைக்கு முன்னால் கவிழ்த்து, அதன்மேல் ஏறினாள். தலைக்கு அருகிலேயே ஹீட்டர் எரிந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் அகல விரித்தாள்.

அவள் நிழல் அவன்மேல் விழுந்தது.

முதுகில் நெருப்பைக் கொட்டின மாதிரி இருந்தது. முன்பக்கம் கண்ணிமை மயிர் உறைந்து ஒட்டிக்கொண்டது. அவன் அவளுக்கு நேர் எதிரே வந்துவிட்டான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவன் அவளைப் பார்க்கிறான் என்று தெரிந்தது. அவளைத் தாண்டி அந்தச் சூட்டுக்குப் போக வழி தேடுகிறான். இடப்பக்கம் நகர்ந்தான், அவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் போனான், அவளும் சாய்ந்தாள். டீசல் வாசனையும் பொடி வாசனையும் முகத்தில் அடித்தன. விரித்த கைகளை மடக்கினால் போதும், அவனைக் கட்டிக்கொள்ளலாம். அவள் கைகள் அதற்காகவே ஏங்கின. மடக்கினால் இரண்டு பக்கமும் சூடு அவன்மேல் விழும், அவன் இங்கேயே இருந்துவிடுவான். அவளும் இருந்துவிடலாம்.

அடுத்த அறையில் மரியெல் ஏதோ சொல்லி அழும் சத்தம் கேட்டது. விரலுக்கு உணர்ச்சி திரும்பியிருக்க வேண்டும்.

ஜோருன் கைகளை இன்னும் அகலமாக விரித்தாள். "போப்பா" என்றாள். "போயிடு, என் தங்கமே. இங்க உனக்கு ஒண்ணும் இல்ல."

குளிர் ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் வயிற்றிலிருந்து விலகியது. பிறகு மார்பிலிருந்து. கடைசியாக அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அங்கேயும் இல்லை.

"அம்மா! முதுகு! அம்மா, முதுகு புகையுது!"

கதவருகே மரியெல் கட்டுப்போட்ட கையோடு நின்று கத்தினாள். ஒட்னி யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து அப்படியே ஜோருனின் முதுகில் கவிழ்த்தாள். அது கணவாய் அலசின தண்ணீர்.

ஜோருன் பெட்டியிலிருந்து தடுமாறி இறங்கினாள். கம்பளிச் சட்டையின் முதுகு கருகி, கணவாய் மை வழிய வழிய நாறியது. மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அங்க ஏறி என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

ஜோருன் சுவரைப் பார்த்தாள். ஹீட்டரின் சிவப்பு இப்போது தடையில்லாமல் அதன்மேல் விழுந்தது. தோள் கரைந்தது. தலை கரைந்து இரண்டு கோடாக வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அது வெறும் ஈர மரமாகிவிட்டது.

"கம்பி ஒண்ணு தளர்ந்திருந்தது. இப்ப சரியாயிடுச்சு" என்றாள்.

"ரோன்னியைக் கூப்பிட வேண்டியதுதானே!"

"அவனுக்கு இது தெரியாதுடி" என்றாள் ஒட்னி. அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஜோருனின் தோளில் போட்டு, அந்தச் சாக்கில் ஒரு கணம் அவளை இறுக்கி அணைத்துவிட்டு விட்டாள். "பேசாம நட, குளி. மீன்கூட உன்னைவிட நல்லா மணக்குது."

மரியெலின் கட்டைவிரல் தேறுவதற்குச் சில வாரம் பிடித்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் நுனியை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் மருத்துவர். மார்ச் மாதம் அவள் கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது சூரியனும் ஊருக்குத் திரும்பியிருந்தது. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. அப்பாவின் தடுப்பில் நான்தான் நிற்பேன் என்று மறுபடி பிடிவாதம் பிடித்தாள். ஜோருன் தானே போய் அந்த ஹீட்டரின் கயிற்றை இழுத்துவிட்டாள்.

சிவப்பு மெல்ல ஏறியது. மரியெல் முதலில் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். பிறகு ஒரு கம்பளியை. பிறகு தொப்பியைத் தூக்கித் தொட்டிக்குப் பின்னால் எறிந்தாள்.

"அம்மா, எனக்கு வேர்க்குது! நம்பவே முடியல, இந்தக் கொட்டகைல எனக்கு வேர்க்குது!"

"ஊருக்கே சொல்லு" என்றாள் ஒட்னி. "பக்கத்து ஊர்க்காரனும் வந்து பாக்கட்டும்."

மரியெல் தடுப்புப் பலகைக்கு மேலாக எட்டி, சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டு, பத்து வயசுக்காரி மாதிரி இருந்தாள். "உனக்கு எப்படிம்மா இருக்கு? உன் பக்கம் வருதா?"

வந்தது. தோளில், காதில், கழுத்தோரத்தில் வந்தது. இடது கன்னத்தில் நிறைய வந்தது. ஜோருன் முகத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எங்கேயாவது, ஒரு விரல் அகலத்துக்காவது, குளிர் மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள்.

"ம்" என்றாள். "நல்லாச் சூடா இருக்கு."

மகள் தன் கண்ணைப் பார்க்குமுன் குனிந்து, கயிற்றை இழுத்து, அடுத்த முள்ளை எடுத்தாள்.